யாழைத் தேடிய அடிகள்

வெலிமடை மலையிலிருந்து இறங்கி வரும் பெருவீதி எங்கள் ஹாலிஎலக் கடைத்தெருவின் ஊடாகப் பதுளைக்குச் செல்கிறது. பதுளையோடு அது நின்றுவிடுவதில்லை. பசறை, லுணுகலை, பிபிலை என ஊர் ஊராக இறங்கி, காடும் வயலும் கடந்து, செங்கலடியில் கீழைக்கரைச் சமவெளியை அடைகிறது. அங்கிருந்து மட்டக்களப்பு அதிக தொலைவில் இல்லை. அந்நகரை அடுத்த கல்லடி உப்போடையில், ஒரு கல்விக்கூடத்தின் வளவினுள்ளே, ஒரு துறவியின் சமாதி இருக்கிறது. என் வீட்டு வாசலில் ஓடும் வீதிக்கும் அந்தச் சமாதிக்கும் உள்ள தொடர்பை நான் அறுபது வயதைக் கடந்த பின்னரே உணர்ந்தேன். அதை எனக்கு உணர்த்தியது ஒரு பழைய கிற்றார்.

தோட்டப் பாடசாலை ஆசிரியனாக இருந்து ஓய்வுபெற்ற ஆண்டிலே, பதுளைக் கடைவீதியில் பழம்பொருள் விற்கும் ஒரு கடையில் அதைக் கண்டேன். யாரோ ஒருவர் நெடுங்காலம் வைத்து வாசித்த கருவி. முகப்பலகையிலே நகம் பட்டுத் தேய்ந்த தடம் இருந்தது. கழுத்திலே பதித்திருந்த உலோக மெட்டுகளுள் முதல் மூன்று மட்டுமே குழிந்து தேய்ந்திருந்தன. அதற்கு மேல் அந்த மனிதர் ஏறிப் பார்த்ததே இல்லை போலும். ஏன் வாங்கினேன் என்று வீட்டிலே கேட்டார்கள். அன்று எனக்கு விடை தெரியவில்லை.

என் தாயார் மலையிலே கொழுந்தெடுத்தவர். லயத்து வாசலிலே என் தம்பியைத் தொட்டிலிலிட்டு அவர் பாடிய தாலாட்டைக் கேட்டே நானும் பாடக் கற்றேன். பள்ளி விழாக்களில் பாடிப் பரிசும் பெற்றேன். ஆசிரியப் பயிற்சிக்கு நான் சென்ற ஆண்டிலே அவர் காலமானார். அதன்பின் நான் பாடவில்லை. பாடக்கூடாதென்று சபதம் செய்துகொண்டவனல்லேன். பாட்டு தானாகவே என்னை விட்டு அகன்றது. முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளுக்கு இலக்கணமும் கணக்கும் சொல்லிக் கொடுத்தேன். ஒரு பாட்டும் சொல்லிக் கொடுத்ததில்லை.

கிற்றாரை வாங்கிய சில மாதங்களில் விரல்கள் ஒருவாறு பழகின. ஓரிரவு அந்தத் தாலாட்டை அதிலே தேடினேன். மூன்றாம் தந்தியை ஆதாரமாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுரமாகத் தொட்டு வந்தேன். எல்லாம் கிடைத்தன, ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. மூன்றாம் மெட்டிலே அழுத்தினால் சுரம் தாழ்ந்து ஒலித்தது. நான்காம் மெட்டிலே அழுத்தினால் சற்றே ஏறி, அம்மாவின் குரலைத் தாண்டிச் சென்றது. அவர் பாடிய இடம் நான்காம் மெட்டுக்குச் சற்று இப்பால் இருந்தது. அங்கே மெட்டு இல்லை. பலமுறை முயன்று, கருவியின்மீது கோபங்கொண்டு, துணியிலே சுற்றி வைத்துவிட்டேன். அந்நாளிலேதான் ஒரு நண்பரின் புத்தக அலமாரியில் யாழ்நூல் என் கைக்கு வந்தது.

விபுலாநந்த அடிகளைப் பற்றி நம் மாணவர் அறிந்திருப்பது பெரும்பாலும் ஒரு பாடநூற் பக்கத்தளவே. துறவி, பேராசிரியர், யாழ்நூல் ஆசிரியர் என்ற மூன்று சொற்களோடு அந்தப் பக்கம் முடிந்துவிடும். நானும் அவ்வளவே கற்பித்தவன். அந்தப் பெருநூலைப் படிக்கத் தொடங்கிய பிறகே, என் கிற்றாரிலே நான் தேடிய சுரத்தைப் போன்ற ஒன்றைத் தம் வாழ்நாளின் பெரும்பகுதி தேடிய ஒருவரை அறிந்தேன்.

அடிகள் 1892ஆம் ஆண்டு கல்முனைக்கு அணித்தாய காரைதீவில் பிறந்தார். பிள்ளைப் பெயர் மயில்வாகனன். அதே 1892ஆம் ஆண்டிலேதான் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரைகளோடு முதன்முறையாக அச்சிட்டு வெளியிட்டார். எந்தக் குழந்தை பிற்காலத்தில் அந்நூலின் இசைப்பகுதிக்கு விளக்கங் காண இருந்ததோ, அக்குழந்தையும் அந்நூலின் அச்சுப் பதிப்பும் ஒரே ஆண்டில் உலகிற்கு வந்தமை நினைக்குந்தோறும் வியப்பளிக்கிறது.

மட்டக்களப்பு வாவி ஓசைமிக்கது. நிலவொளி பரவிய இரவுகளில் கல்லடிப் பாலத்தருகே நீரினடியிலிருந்து ஒரு மெல்லிசை எழுவதைக் கேட்டோர் பலர். அதைப் பாடுமீன் என்பர். அவ்வோசையை நீரரமகளிரின் இசையாகக் கற்பனை செய்து அடிகள் பின்னாளில் செய்யுள் இயற்றினார். காதில் விழுந்த ஓசையை வியந்து விடுவது கவிஞன் இயல்பு. அது எவ்வாறு எழுகிறதென்று கேட்பது அறிவியலாளன் இயல்பு. இவ்விரண்டும் அந்த இளைஞரிடத்தே ஒருங்கே வளர்ந்தன. கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1916ஆம் ஆண்டில் அறிவியலில் டிப்ளோமாச் சான்றிதழும், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதப் பட்டமும் அவருக்குக் கிட்டின. ஒருவர் ஒரே ஆண்டில் இவ்விரு வாயில்களிலும் நுழைவது அக்காலத்தில் அரிது, இக்காலத்திலும் அரிதே. அடுத்த ஆண்டு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் அறிவியல் ஆசிரியரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியற் பட்டமும் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார்.

இவ்வளவு ஏற்றமும் வாய்த்த ஒருவர் 1922இல் அனைத்தையும் விடுத்துச் சென்னை மயிலாப்பூரிலுள்ள இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தர் ஆனார். துறவு என்பது ஊரை விட்டு ஓடுதல் என்று எண்ணுவோர்க்கு அவர் வாழ்வு மறுமொழி. மறு ஆண்டிலே தாயகம் திரும்பினார். பள்ளிகளை நிருவகித்தார், ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லங்கள் அமைத்தார், 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் திறந்தார்.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. சிதம்பரத்திலே அவர் இருந்த காலத்தில் இரு காரியங்கள் நிகழ்ந்தன. அவற்றுள் ஒன்று பலர் அறிந்தது. மற்றொன்று சிலரே அறிந்தது. பலர் அறிந்தது, தஞ்சை நால்வர் மரபில் வந்த பொன்னையா பிள்ளை போன்ற இசைப் பேராசான்கள் வாழ்ந்த அச்சூழலிலே அவருடைய இசையாராய்ச்சி வேரூன்றியமை. சிலரே அறிந்தது, பகலெல்லாம் பல்கலைக்கழகத்தில் கற்பித்த பேராசிரியர் மாலையில் அருகிலுள்ள திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று அங்குள்ள பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தமை. தோட்டப் பாடசாலையிலே வாழ்நாளைக் கழித்த எனக்கு இரண்டாவது செய்தியே முதலில் மனத்தைத் தொட்டது.

அவர் தேடியது யாது? சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலே, மாதவி ஆடிய அரங்கிற்கு உரிய ஆசான்களை இளங்கோவடிகள் வரிசைப்படுத்துகிறார். ஆடலாசான், இசையாசான், தண்ணுமையாசான், குழலாசான், யாழாசான் என வரும் அவ்வரிசையில், யாழாசான் பதினான்கு நரம்புகளை எவ்வாறு இசைகூட்டினான் என்பது சில அடிகளில் அடக்கிக் கூறப்படுகிறது. எழுதப்பட்ட காலத்தில் அவ்வடிகள் தொழில் தெரிந்தவர்க்குத் தெளிவாக இருந்திருக்கும். பின்னர் யாழ் மறைந்தது. அடியார்க்கு நல்லார் உரையெழுதிய காலத்திலேயே பழைய இசைநூல்கள் பல இறந்துபட்டிருந்தன. வில் போல் வளைந்த கோட்டிலே நரம்பு கட்டிய அக்கருவியின் இடத்தை, நீண்ட தண்டிலே மெட்டுகள் பதித்த வீணை பிடித்துக்கொண்டது. யாழ்ப்பாணம் என்று ஓர் ஊருக்குப் பெயருண்டு. பாணர் என்றொரு குலம் இருந்ததாகப் பாட்டுண்டு. ஆயினும் யாழைக் கண்ட தமிழன் ஒருவனும் இல்லை என்னும் நிலை உண்டாயிற்று. பர்மா நாட்டிலே வளைந்த வில்யாழ் ஒன்று சௌங் என்னும் பெயரோடு இன்றும் மீட்டப்படுகிறது. நம்மிடமோ அதன் சொற்கள் மட்டுமே எஞ்சின.

அந்தச் சொற்களிலிருந்து கருவியையும், கருவியிலிருந்து இசையையும் மீட்டெடுக்க அடிகள் முனைந்தார். பொருநராற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை முதலிய பாட்டுகளிலே பாணர் தாங்கிய யாழின் உறுப்புகள் உவமைகளோடு பேசப்படுகின்றன. மானின் குளம்படி போல் நடுவே பிளவுபட்ட பத்தர், அதன்மேற் போர்த்த தோல், வளைந்த கோடு, நரம்பை இறுக்கும் திவவு என ஒவ்வொன்றாக அவர் கோத்தார். மற்றவர்கள் அழகை வியந்து கடந்துசென்ற உவமைகளை அவர் தச்சனின் வரைபடமாகக் கொண்டார். இருபத்தொரு நரம்புடைய பேரியாழ், பத்தொன்பது நரம்புடைய மகரயாழ், பதினான்கு நரம்புடைய சகோடயாழ், ஏழு நரம்புடைய செங்கோட்டியாழ் என உரையாசிரியர் வகுத்தவற்றை வேறுபடுத்தி விளக்கினார்.

அதனினும் கடினமானது நரம்புகளின் கணக்கு. ஒரு நரம்பின் நீளத்தைப் பாதியாகக் குறைத்தால் அதே சுரம் மேல்நிலையில் ஒலிக்கும். மூன்றில் இரண்டாக்கினால் குரலுக்கு ஐந்தாவதான இளி பிறக்கும். நான்கில் மூன்றாக்கினால் உழை பிறக்கும். இது பௌதிக வகுப்பில் அவர் மாணவர்க்குக் கற்பித்த பாடம். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழுக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என 22 அலகுகளைப் பழைய உரை வகுத்திருந்தது. இது தமிழ்ப் பண்டிதராக அவர் கற்ற பாடம். பள்ளிகளிலே இன்றும் வேறுவேறு அறைகளிற் கற்பிக்கப்படும் இவ்விரு பாடங்களையும் அவர் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தார். அவருக்கு முன்னரே தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் 24 சுருதி என்று நிறுவ முயன்றிருந்தார். இவ்விரு பெரியோரும் எண்ணிக்கையில் உடன்பட்டாரல்லர். அறிஞரிடையே அவ்வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. எனினும் தமிழிசைக்கு ஒரு கணக்கு உண்டு, அது தேடினால் கிடைக்கும் என்பதில் இருவரும் ஒருமித்தே நின்றனர்.

பாலைத் திரிபு என்பதை அடிகள் விளக்குமிடம் என் நெஞ்சை விட்டு அகலாதது. ஏழு நரம்புகளின் இசையை ஒருமுறை கூட்டிவிட்டால் போதும். பின்னர் நரம்பு எதையும் மாற்றாமல், தொடங்குமிடத்தை மட்டும் மாற்றிக்கொண்டு போனால் ஏழு வெவ்வேறு பாலைகள் பிறக்கும். துத்தத்தைக் குரலாகக் கொண்டால் ஒன்று, கைக்கிளையைக் குரலாகக் கொண்டால் மற்றொன்று. நரம்பு அதே நரம்புதான். நாம் நிற்குமிடம் மாறும்போது அதன் உறவுகளெல்லாம் மாறிவிடுகின்றன. இதைக் கிற்றாரிலே நான் சோதித்தேன். கணக்குச் சொன்னபடியே ஒவ்வொன்றும் தனி முகத்தோடு வந்து நின்றன.

அமைதியாக ஓரிடத்தில் அமர்ந்து இதை ஆராயும் வாய்ப்பு அடிகளுக்குக் கிட்டவில்லை. 1933இல் அண்ணாமலைப் பதவியை விட்டு வந்தார். பள்ளிகளின் பொறுப்பு அவரைச் சூழ்ந்தது. அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் முயற்சியிலே சென்னையில் முன்னின்று உழைத்தார். 1939 முதல் 1941 வரை இமயமலைச் சாரலில் மாயாவதி ஆசிரமத்திலிருந்து பிரபுத்த பாரத இதழின் ஆசிரியராகப் பணிபுரிந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகக் கொழும்பிற்கு வந்தார். இவ்வளவுக்கும் இடையே, ஊர் மாறுந்தோறும் குறிப்புகளும் உடன் சென்றன. ஏறத்தாழ 14 ஆண்டுகள் அவ்வேலை நடந்தது. ஏழு இயல்களாக நூல் உருப்பெற்றபோது அவருக்கு வயது ஐம்பதைச் சற்றே கடந்திருந்தது. உடலோ அதனினும் முதுமையடைந்திருந்தது.

கரந்தைத் தமிழ்ச் சங்கம் நூலை அச்சிட்டது. 1947ஆம் ஆண்டு ஜூன் 5, 6ஆம் நாட்களில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர் ஆலயத்திலே அரங்கேற்றம் நடைபெற்றது. ஓடக்காரன் இல்லாத ஓடத்தைத் திருஞானசம்பந்தர் பாட்டினாலே செலுத்தினார் என்று வழங்கும் தலம் அது. அடிகளின் கணக்கின்படி செய்யப்பட்ட யாழ்களும் வீணைகளும் ஊர்வலமாக எடுத்துவரப்பட்டன. பொன்னையா பிள்ளையின் மைந்தரான க. பொ. சிவானந்தம் பிள்ளை யாழை மீட்டினார். மீட்டிய கையைப் போலவே கேட்டிருந்த செவியையும் நான் எண்ணிப் பார்க்கிறேன். பல நூற்றாண்டுகளாக ஏட்டிலே கிடந்த ஓர் ஒலியைக் காகிதத்திலே கணக்கிட்டு, மனத்திலே மட்டும் கேட்டு வந்த ஒருவர், அன்று அதைக் காற்றிலே கேட்டார். கணக்குப் பிழையாக இருந்தால் அந்தக் கணமே தெரிந்துவிட்டிருக்கும். எழுத்தை வாதத்தினாலே காக்கலாம். நரம்பை அவ்வாறு காக்க இயலாது.

அதன்பின் அவர் நெடுநாள் இருக்கவில்லை. நலிந்த உடலோடு கொழும்பு மீண்டவர், அதே ஆண்டு ஜூலை 19ஆம் நாள் மறைந்தார். அரங்கேற்றத்திற்கும் மறைவுக்கும் இடையே 43 நாட்கள். வயது 55. அவருடலை மட்டக்களப்புக்குக் கொண்டுசென்று, அவர் கட்டிய சிவானந்த வித்தியாலயத்தின் வளவிலேயே அடக்கஞ் செய்தனர்.

அவர் முயற்சி பயன் தந்ததா என்று கேட்போர் உண்டு. யாழ் கச்சேரி மேடைக்குத் திரும்பவில்லை என்பது உண்மை. அண்மைக் காலத்தில் சென்னையிலே இளைஞர் சிலர் யாழை மீண்டும் மரத்திலே செதுக்கி மீட்டத் தொடங்கியிருக்கின்றனர், அதுவும் தொடக்கமே. யாழ்நூலின் முடிபுகள் சிலவற்றைப் பிற்காலத்து ஆய்வாளர் மறுத்தும் உள்ளனர். ஆனால் அந்நூலுக்கு முன், அரங்கேற்று காதையின் அவ்வடிகள் பொருள் விளங்காத பழம்பெருமை. அந்நூலுக்குப் பின், அவை அளந்து பார்க்கவும், செய்து பார்க்கவும், தவறென்றால் மறுக்கவும் கூடிய அறிவு. பெருமையை அறிவாக மாற்றிக் கொடுத்தமையே அடிகள் செய்த உபகாரம் என்று நான் கருதுகிறேன்.

அந்த உபகாரத்தில் ஒரு துளி எனக்கும் கிடைத்தது. யாழ்நூலைப் படித்த பின் ஒருநாள் கிற்றாரைத் துணியிலிருந்து எடுத்து, அடிமட்டத்தால் அளந்தேன். தந்தியின் நீளம் 65 சென்ரிமீற்றர். கேள்விக்கு முழுமையாக இசையும் கைக்கிளைக்கு அதில் ஐந்தில் நான்கு பங்கு வேண்டும். அதாவது 52 சென்ரிமீற்றர். நான்காம் மெட்டோ தந்தியின் கீழ் முனையிலிருந்து 51.6 சென்ரிமீற்றரில் இருந்தது. நான்கு மில்லிமீற்றர் வித்தியாசம். எல்லாச் சுருதியிலும் ஒருவாறு பொருந்தும் பொருட்டு, மேலைநாட்டார் நிலையைப் பன்னிரண்டு சமபங்காக்கி மெட்டுகளைப் பதித்திருக்கின்றனர். அது அவர்கள் இசைக்கு ஏற்ற ஏற்பாடு; குற்றமன்று. என் தாயார் அந்த ஏற்பாட்டை அறியாதவர். அவர் செவி ஐந்தில் நான்கையே அறிந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கொழுந்துக்காரியின் குரலில் அந்தக் கணக்கு பிசகாமல் இருந்ததென்பதை அன்றுதான் அறிந்தேன். நெடுநேரம் அடிமட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

மெட்டை நகர்த்த இயலாது. ஆனால் யாழிலே மெட்டு இல்லை. நரம்புக்கு ஒரு சுரம், அதைக் கூட்டுவது செவி. ஆகவே மூன்றாம் தந்தியைக் குரலாக வைத்துக்கொண்டு, இரண்டாம் தந்தியின் முறுக்காணியை மெல்லத் தளர்த்தினேன். இரண்டையும் சேர்த்து ஒலிக்கும்போது எழுந்த அதிர்வலை வரவரத் தாமதமாகி, ஒரு கட்டத்தில் அடங்கிற்று. அந்த இடத்தில் நிறுத்தி, எந்த மெட்டையும் தொடாமல் இரண்டாம் தந்தியை மீட்டினேன். லயத்து வாசலும் தொட்டிற் சேலையும் கண்முன் வந்தன. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் நான் பாடினேன். உரக்கவன்று, எனக்குக் கேட்குமளவுக்கு.

அதுவரை அந்தக் கிற்றாரை வேறெவரும் தொட நான் அனுமதித்ததில்லை. பேரப்பிள்ளைகள் கூடத் தூர நின்றே பார்த்தார்கள். திருவேட்களத்துச் சேரிக்கு மாலைதோறும் நடந்த அந்தப் பேராசிரியரைப் பற்றிப் படித்த பின், அந்தக் காவல் எனக்கே நாணத்தைத் தந்தது. இப்போது சனிக்கிழமைகளில் மேற்கணக்கு லயத்துப் பிள்ளைகள் ஐவர் வருகிறார்கள். முதலில் நான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது விரல் வைக்கும் முறையன்று. வீட்டிலே பாட்டியோ அம்மாவோ பாடும் ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டு வரும்படி சொல்கிறேன். பிறகு அதைத் தந்தியிலே தேடுகிறோம். கிடைக்காத சுரம் வந்தால் முறுக்காணியைத் திருப்புகிறோம், அடிமட்டமும் எடுத்துக்கொள்கிறோம்.

மேல் மெட்டுகள் இன்னமும் தேயவில்லை. தேய்வதற்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இவ்வாண்டு விடுமுறையில் அவர்களை அழைத்துக்கொண்டு, வாசலில் ஓடும் இந்த வீதி வழியே செங்கலடி வரை இறங்கி, கல்லடி உப்போடைக்குச் சென்று வர எண்ணியிருக்கிறேன்.